அம்மா வீட்டைத் தூக்கிய ஐப்பசி

அன்புள்ள சொந்தங்களுக்கும் சபையாருக்கும் எங்கள் தெருவாருக்கும்,

அம்மா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு ஜெபத்துக்கு வந்து இந்தச் சிறு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு, அவருடைய மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் நற்குணங்களை எழுதும்படி போதகர் ஐயா சொன்னார். அன்பு, சாந்தம், பொறுமை என்று வரிசையாக எழுதிவிடலாம்தான். ஆனால் அம்மாவுக்குப் பொறுமை இருந்தது என்று நான் எழுதினால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களே சிரித்துவிடுவீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதில் பெரும்பகுதி, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டைப் பற்றியதாகவே இருக்கும்.

அம்மா பிறந்தது ஆலங்காயத்தை அடுத்த மலையடிவாரத்தில். மழையை நம்பிக் கேழ்வரகும் துவரையும் விதைத்த குடும்பம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஆம்பூருக்கு வந்தார். அப்பா டேனரியில் ஈரத்தோல் சுமந்தவர். நானும் தம்பி பிரபுவும் பிறந்த பிறகு அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். காலையில் தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும்போது, அம்மாவின் ஒரு கையில் டிபன் பாக்ஸும் மறுகையில் என் சடையும் இருக்கும். பின்னி முடிக்காமல் போன நாட்களும் உண்டு.

ஊருக்கு வெளியே அப்பா ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அப்போது அங்கே முள்ளைத் தவிர ஒன்றும் கிடையாது. அஸ்திவாரம் போட்ட கையோடு அப்பாவுக்கு நெஞ்சில் நோய் வந்தது. சுவர் எழும்புவதற்குள் அவர் போய்விட்டார். மனையை விற்றுவிட்டு ஊரோடு வந்துவிடு என்று தாய்மாமன்கள் கூப்பிட்டார்கள். அம்மா போகவில்லை.

ஒரு வருஷத்து போனஸில் சுவர் வந்தது. இன்னொரு போனஸில் நிலையும் கதவும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளைப் புடவையை மாற்றிவிட்டு, கொத்தனாருக்குச் சித்தாளாக அம்மாவே செங்கல் சுமப்பார். வேலைவிட்டு வந்து சுவருக்குத் தண்ணீர் அடிப்பார். முதலில் ஷீட் கூரை. தம்பி பத்தாவது படிக்கும்போதுதான் கான்கிரீட் போட்டோம். அன்றைக்கு அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தார். தனக்கு மட்டும் எடுத்துவைக்க மறந்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசு கொடுத்த இலவச மிக்ஸி எங்கள் வீட்டிலும் இருந்தது. நல்ல மிக்ஸிதான், அம்மா குறை சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுப்பார். ஒருநாள் அது யார் வீட்டிலோ தங்கிவிட்டது, அம்மா தேடவே இல்லை. ஆனால் மாதாமாதம் தவணை கட்டி வாங்கிய கிரைண்டரைப் பழைய புடவையால் சுற்றி வைத்திருப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்கு சித்தி அதை இரவல் கேட்டு, அம்மா மறுத்து, இருவரும் ஈஸ்டர் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. சித்தி இங்கேதான் இருக்கிறார், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

நான் கல்யாணமாகி நாட்றம்பள்ளிக்குப் போனேன். தம்பி இன்ஜினியரிங் முடித்து ராணிப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தான். காட்பாடியில் பிளாட் வாங்கி, மனைவி பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டான். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த வீட்டில் தனியாக இருந்தார்.

அதற்குள் தெரு உயர்ந்துவிட்டது. பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிது புதிதாகப் போட்டுக்கொண்டே போனார்கள். படியேறி நுழைந்த வீட்டுக்குள் படியிறங்கி நுழைய வேண்டியதாயிற்று. மழை பெய்தால் தெருத் தண்ணீர், சாக்கடையோடு சேர்ந்து உள்ளே வரும். ஒரு வருஷம் முழங்கால் அளவுக்கு வந்து பீரோவின் அடித்தட்டுத் துணியெல்லாம் நாறிப்போயிற்று. அந்த வாரம் தம்பியும் நானும் வந்தோம். கூடத்தில் வழித்துத் தள்ளிய சேறு இன்னும் காயவில்லை. அம்மா கட்டிலின் மேல் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"போதும்மா," என்றான் தம்பி. "பொட்டி கட்டு, காட்பாடிக்குப் போலாம். இத்த இடிச்சிட்டு, லோன் போட்டு, ஒசரமா புதுசா கட்டலாம். கட்டினப்புறம் வா."

"இடிக்கறதா?"

"பின்ன? சேத்துல குந்தினு இருப்பியா?"

"தூக்கலாம்," என்றார் அம்மா. "வாணியம்பாடில ஒரு வூட்ட ஜாக்கி வெச்சி தூக்கினு இருக்காங்க. நான் போய் பாத்துட்டு வந்தேன்."

தம்பி என்னைப் பார்த்தான். கோபத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "இந்த வூட்டயா? செவுரு பூரா ஓதம். ரூமு ரெண்டும் கோழிக்கூண்டு மாரி. இதுக்குப் போயி அவ்ளோ செலவா? நான் புதுசா கட்டித் தரேன்னு சொல்றேன், வாணான்ற."

"நீ கட்னா அது ஒன் வூடு. இது நான் கட்னது."

"கஷ்டப்பட்டு கட்னா? கஷ்டப்பட்டு கட்டிட்டா கெட்ட வூடு நல்ல வூடாயிடுமா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நாம் சிந்திய வியர்வை சுவருக்குத் தெரியுமா என்ன? அம்மா கட்டிலை விட்டு இறங்கி, துடைப்பத்தை எடுத்து, மீதியிருந்த சேற்றைத் தள்ள ஆரம்பித்தார். தம்பி சாப்பிடாமலே கிளம்பிப் போனான். அதன் பிறகு நெடுநாள் அவன் இந்தப் பக்கமே வரவில்லை. போனில் மட்டும், "மாத்திரை போட்டியா?" "போட்டேன்." அத்தோடு சரி.

அம்மா தன் பி.எஃப். பணத்தை எடுத்தார். வீடு தூக்கும் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் வடநாட்டுக்காரர்கள். மேஸ்திரியின் பெயர் சுரேந்தர். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், அம்மாவுக்கு இந்தி சுத்தமாக வராது. பக்கத்து வீட்டு அன்வர் பாய், தோல் துண்டு வியாபாரம் செய்பவர், உருதில் பேசி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றார்.

சுவர்களின் இரண்டு பக்கமும் பள்ளம் தோண்டினார்கள். அஸ்திவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, அந்த இடத்தில் சேனல் என்னும் நீண்ட இரும்புச் சட்டமும் அதன் அடியில் ஜாக்கிகளும் வைத்தார்கள். மேஸ்திரி விசில் ஊதினால் எல்லோரும் ஒரே சமயத்தில் கால் சுற்று திருப்ப வேண்டும். ஒரு மூலை முந்தினாலோ பிந்தினாலோ சுவர் பிளந்துவிடும். வீடு எழும்புவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். பல் கடிப்பது போல ஒரு சத்தம். அம்மா அந்தச் சத்தத்துக்கு நடுவே அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி வந்து கையெடுத்துக் கும்பிட்டு வெளியே வரச்சொன்ன பிறகுதான் பாய் வீட்டுக்குப் போனார்.

பாதி உயரம் வந்தபோது தீபாவளி வந்தது. ஊருக்குப் போன ஆட்களில் பலர் திரும்பவில்லை. ஐப்பசி மழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. வீடு ஜாக்கிகளின் மேல் நின்றது. மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. அவர் சொன்னதை பாய் அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, தண்ணி பள்ளத்துல எறங்குனா மண்ணு எளகிடுமாம். ஜாக்கி அப்டியே உள்ள போய்டுமாம். அதுக்குள்ள தூக்கி முடிக்கணும்னு சொல்றாரு. ஆளு கம்மி. பேஜாராயிடுச்சி."

அம்மா உள்ளூரில் கூலிக்கு ஆள் கேட்டுப் பார்த்தார். வந்து குனிந்து பார்த்தவர்கள், தொங்கும் வீட்டுக்கு அடியில் உட்கார மாட்டோம் என்று போய்விட்டார்கள். என் கணவர் வந்தார். பாய் தன் வியாபாரத்தை மூடிவிட்டு வந்தார். அப்படியும் போதவில்லை. அம்மா தம்பிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"லீவு போட்டு வா."

"எவ்ளோ கேக்கறாங்க? அனுப்பறேன். இங்கருந்து ஆள் ஏத்தி உட்றேன்."

"ஒன் காசு வாணாம்டா. ஒன் கை வேணும்."

அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் காலையில் தம்பி வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு, ஜாக்கிகளின் மேல் நிற்கும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். "பைத்தியக்காரத்தனம்," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சமையலறை ஓரத்துப் பள்ளத்தில் இறங்கினான்.

ஜாக்கிக் கம்பியைத் திருப்புவது பார்க்க எளிது. குனிந்தபடியே, விசிலுக்குக் காத்திருந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். முதல் நாள் சாயங்காலமே அவன் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. அம்மா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். அவன் வாங்கித் தடவிக்கொண்டான். அடுத்த நாள் துணி சுற்றிக்கொண்டு இறங்கினான். "இந்த மூல கொஞ்சம் பிந்துது பாய், மேஸ்திரிகிட்ட சொல்லுங்க," என்று அவனே குரல் கொடுத்ததைக் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு வந்து, சுவரும் சேனலும் சேரும் இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு மத்தியானம் தூறல் போட ஆரம்பித்தது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு விசிலை வேகமாக ஊதினார். எல்லோரும் திருப்பினார்கள். இன்னொரு விசில். சமையலறைப் பக்கத்திலிருந்து "பட்" என்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே அலமாரியிலிருந்த பாத்திரங்கள் தரையில் விழுந்து உருண்டன.

"ருக்கோ! ருக்கோ!" என்று மேஸ்திரி கத்தினார்.

"நிறுத்துங்க! யாரும் திருப்பாதீங்க!" என்று பாய் கத்தினார்.

அந்த மூலையில், அப்பா அஸ்திவாரம் போட்டபோது வேலையாட்களுக்காகத் தோண்டி மூடிய கழிவறைக் குழி ஒன்று இருந்தது. யாருக்கும் நினைவில்லை. ஈரம் பட்டதும் அங்கே மண் இறங்க, கடைசி ஜாக்கி சாய்ந்துவிட்டது. சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தது. அடுத்த ஜாக்கியும் சாய்ந்தால் அந்த மூலை உட்காரும், அதோடு சேர்ந்து வீடே சரிந்துவிடும். அந்த அடுத்த ஜாக்கிக்குப் பக்கத்தில்தான் தம்பி உட்கார்ந்திருந்தான்.

ஆட்கள் பள்ளத்தை விட்டு ஏறி ஓடினார்கள். மேஸ்திரி மட்டும் வெளிப்பக்கமாகப் படுத்து, மரக்கட்டைகளைச் சேனலுக்கு அடியில் தள்ளப் பார்த்தார். அவர் கைக்கு எட்டவில்லை. உள்பக்கத்திலிருந்து ஒருவர் அதை வாங்கி இழுத்து அடுக்க வேண்டும். அங்கே தம்பி மட்டும்தான். அவன் வயிற்றின் மேல் படுத்து, சேனலுக்கு அடியில் இரண்டு கைகளையும் நீட்டினான். அவன் தலைக்கு மேலே சுவர் முனகியது. மண் பொலபொலவென்று அவன் முதுகில் உதிர்ந்தது.

அம்மா பாய் வீட்டு வாசலிலிருந்து ஓடிவந்தார். பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தார். அம்மா அப்படிக் கத்தி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

"பிரபு! வெளிய வாடா! போனா போவுது வூடு! வுட்டுட்டு வாடா!"

"இரும்மா!"

"இடியட்டும்டா, நான் இன்னாத்துக்கு கேட்டேன் இத்த... டேய், வந்துடுடா!"

"இரும்மா, கை வெச்சிட்டேன்! இப்ப வுட்டா போய்டும்! கட்டைய தள்ளுங்க மேஸ்திரி! இன்னொண்ணு!"

பாய் ஒருபுறமும் நான் ஒருபுறமும் அம்மாவைப் பிடித்துக்கொண்டோம். இல்லையென்றால் அவரும் உள்ளே குதித்திருப்பார். மேஸ்திரி தள்ளிய கட்டைகளைத் தம்பி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினான். கடைசிக் கட்டையை நுழைக்கும்போது மண் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. தம்பி அலறினான். ஆனால் வீடு அந்தக் கட்டைகளின் மேல் உட்கார்ந்தது, அதற்குக் கீழே போகவில்லை. மேஸ்திரி வேறொரு ஜாக்கியைக் கொண்டுவந்து நட்டு, கொஞ்சமாக ஏற்றிக் கொடுத்த பிறகுதான் அவன் வலது கையை வெளியே எடுக்க முடிந்தது. நடுவிரல் நசுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அம்மா அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஊசியும் கட்டும் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "பள்ளத்துல தண்ணி எறங்காம பாத்துனு இருக்காங்களா?" என்பதுதான்.

அவனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவன் மனைவி ஜென்சி போனில் அழுதாள். அவன் போகவில்லை. கையில் கட்டோடு பள்ளத்தின் மேலே நின்று, மேஸ்திரியின் விசிலை வாங்கி அவனே ஊதினான். முழு உயரமும் வந்து, அடியில் புதுச் சுவர் எழுப்பி, மண் கொட்டி நிரப்பியபோது ஜென்சியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். எல்லோரும் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றினோம். அம்மாவும் நின்றார். யார் சொல்லியும் கேட்கவில்லை.

ஒருநாள் ஜென்சி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, எங்க பிளாட்டுல பசங்க செவுத்துல கிறுக்குனா கண்டுக்கவே மாட்டாரு. இங்க ஒரு பந்து பட்டதுக்கு அந்தக் கத்து கத்துறாரு." தம்பியிடம் கேட்டேன். அவன் நசுங்கிய விரலைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"இன்னான்னு தெர்லக்கா. கொஞ்ச நாள் ஜாக்கி திருப்பனதுக்கே எனக்கு இப்டி இருக்குது. அவங்க அத்தன வருஷம் கட்டினு இருந்தாங்க. நான் பாட்டுக்கு இடிச்சிட்லாம்னேன்."

அம்மாவிடமும் கேட்டேன். தம்பிக்கு வீட்டின் அருமை தெரியட்டும் என்றுதான் வரச்சொன்னீர்களா என்று. அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"ஆளு கம்மியா இருந்துச்சி, கூப்ட்டேன். இதுல இன்னா இருக்குது?" சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "வூடுதான் பெருசுன்னு நெனச்சினு இருந்தேன் பாப்பா. அவன் கை உள்ள மாட்டினு இருந்தப்போ ஒண்ணும் பெருசா தெர்ல."

அடுத்த மழைக்குத் தெரு நிறையத் தண்ணீர் வந்தது. நம் படிகளைத் தொட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் போனது. பாய் குடும்பத்தாரும் எதிர்வீட்டாரும் இந்தக் கூடத்தில்தான் படுத்திருந்தார்கள். அம்மா அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினார். சித்திக்கு அந்த வாரம் கிரைண்டர் இரவல் கிடைத்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு உடல் இளைக்க ஆரம்பித்தது. வயிற்றில் கட்டி என்றார்கள். தம்பி காட்பாடியிலேயே தங்கிச் சிகிச்சை எடுக்க ஏற்பாடு செய்தான். அம்மாவும் இந்த முறை மறுக்காமல் போய் அந்தப் பிளாட்டில் இருந்தார், பேரப்பிள்ளைகளோடு சந்தோஷமாகவே இருந்தார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னபோது, ஊருக்குப் போக வேண்டும் என்று அம்மா கேட்கவில்லை. தம்பிதான், "நம்ம வூட்டுக்குப் போலாம்மா," என்றான். ஒன் வூடு, என் வூடு என்று அவர்கள் பேசிக்கொண்ட காலம் போய்விட்டிருந்தது. கூடத்து ஜன்னலோரக் கட்டிலில், ஒரு விடியற்காலையில், நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்கும்போது அம்மா கண்மூடினார்.

அடக்கத்துக்குப் பின் அம்மாவின் படத்தை மாட்ட வேண்டியிருந்தது. யாரோ சுத்தியலும் ஆணியுமாக வந்தார்கள். தம்பி அவர்களைத் தொடவிடவில்லை. சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டு, பென்சிலால் குறித்து, அழித்து, மறுபடியும் குறித்தான். ஜெபத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். போதகர் ஐயாவும் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதற்காக அவரிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தன் வீட்டையே எங்களுக்குத் திறந்துவிட்ட அன்வர் பாய்க்கும் அவர் வீட்டாருக்கும், அம்மாவோடு பல வருஷம் ஒரே வரிசையில் தைத்து, கடைசியில் முறைபோட்டு வந்து பார்த்துக்கொண்ட கம்பெனித் தோழிகளுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், சபையாருக்கும் எங்கள் நன்றி. செய்தி கேட்டுத் தன் ஊரிலிருந்து போன் செய்த மேஸ்திரி சுரேந்தருக்கும் நன்றி. அவருக்குத் தமிழில் ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. "அம்மா... நல்ல அம்மா," என்றார். பிறகு தம்பியிடம் நெடுநேரம் இந்தியில் எதையோ விசாரித்தார். தம்பிக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை மூலைக்குப் போய், சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு மேஸ்திரி சொல்லும் "டீக் ஹை, டீக் ஹை," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியாக ஒன்று. இன்றைய சாப்பாட்டுக்கு வெளியில் ஆர்டர் கொடுக்கவில்லை, நாங்களே ஆக்குகிறோம். நீங்கள் இதைப் படிக்கும் நேரம் பின்பக்கம் தம்பி பிரியாணி அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான், பரிமாற ஆள் போதாது. ஜெபம் முடிந்ததும் பந்திக்காக உட்கார்ந்து காத்திருக்காமல், தயவுசெய்து ஆளுக்கொரு வாளியைத் தூக்குங்கள்.